திருஷ்டிப் பொட்டு இல்லாத வரைபடம்

எங்கள் நகராட்சியின் கட்டடப் பிரிவில் ஒரு வரைபடம் முதல் தடவையிலேயே அனுமதி வாங்கியதாகச் சரித்திரம் கிடையாது. நான் எழுத்தராக இருக்கும் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் கிடையாது. எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் காலத்திலும் கிடையாது. வரைபடம் வரும். பொறியாளர் பார்ப்பார். ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'திருத்தித் தருக' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். திருத்தி வந்ததும் கையெழுத்துப் போடுவார். பல் தேய்த்த பிறகுதான் காப்பி என்பதுபோல இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, மீறியவரும் இல்லை.

இதனால் பொறியாளருக்கு ஊரில் சிவப்புமை என்று பெயர். முப்பத்தொரு வருட உத்தியோகம். நேர்மையான மனிதர், வீடு கட்டுகிறவர்கள் வாங்கிக் கொடுத்த தேநீரைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் ஒரு வரைபடத்தில் பிழை கிடைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கிடைக்கும்வரை மேசையிலேயே வைத்துக்கொண்டு புரட்டுவார். அது பத்து நாளும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும்.

இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்தவர் என் அத்தான், அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர். வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் அவர் தொழில். ஊரில் பாதி வீடு அவர் போட்ட கோட்டின் மேல் நிற்கிறது. ஒவ்வொரு வரைபடத்திலும் அவர் வேண்டுமென்றே ஒரு பிழை வைப்பார். சின்னப் பிழை, ஆனால் கண்ணில் படுகிற பிழை. கழிவறைக்குச் சன்னல் போடாமல் விடுவார். அல்லது மாடிப்படியின் அகலத்தில் ஒரு சாண் குறைப்பார். அல்லது கழிவுநீர்த் தொட்டியைக் கிணற்றுக்குப் பக்கத்தில் இழுத்து வைப்பார். சிவப்புமை அதைப் பிடித்து, வட்டம் போட்டு, மனம் குளிர்ந்து மறுநாளே திருப்பி அனுப்புவார். அத்தானோ சரியான வரைபடத்தை முன்பே போட்டுச் சுருட்டி வைத்திருப்பார். நாலே நாளில் காரியம் முடியும். குழந்தை கன்னத்தில் வைக்கிற மை மாதிரி இது என்பார் அத்தான். அதனால் எங்கள் குடும்பத்தில் அதற்குத் திருஷ்டிப் பொட்டு என்றே பெயராகிவிட்டது. சாப்பாடு போடும்போது அக்கா கேட்பாள், இன்றைக்குப் பொட்டு எங்கே வைத்தீர்கள் என்று. அவரும் குழம்பை ஊற்றிக்கொண்டே, மாடிப்படியில் என்பார்.

இந்த வருட ஆரம்பத்தில், வரைபடங்களை இனிக் கணினியே பரிசோதிக்கும் என்று உத்தரவு வந்தது. ஒரு கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். கணினிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பழைய பைல்கள் வேண்டும் என்றாள் அவள். பன்னிரண்டு வருடத்துப் பைல்கள், மொத்தம் ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அத்தனையையும் நான்தான் தூசி தட்டி, நூல் பிரித்து, ஸ்கேன் செய்து, மறுபடி நூல் கட்டினேன். மூன்று மாதம் தும்மினேன். அனுமதி பெற்ற பைல் எப்படி இருக்கும் என்பதை இவற்றைப் பார்த்து அதுவே புரிந்துகொள்ளும் என்று அந்தப் பெண் சொன்னபோது, என் தும்மல் வீண்போகவில்லை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கணினி நன்றாகத்தான் வேலை செய்தது. காலையில் வரைபடம் வந்தால் ஒரே நிமிடத்தில் பிழையைக் கண்டுபிடித்துத் திருப்பிவிடும். மத்தியானம் திருத்தி வந்தால் சாயங்காலத்துக்குள் அனுமதி அச்சாகிவிடும். அத்தானின் பொட்டையும் அது ஒழுங்காகப் பிடித்தது. ஊரில் மற்ற நாலு வரைவாளர்கள் பொட்டு வைப்பதில்லை. அவர்களுக்குப் பிழை தானாகவே வரும்.

பாவம், சிவப்புமைக்குத்தான் வேலை போயிற்று. சம்பளம் போகவில்லை, வேலை மட்டும் போயிற்று. ஐந்து சிவப்புப் பேனாக்களை மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு ஈ ஓட்டுவார். மை காய்ந்துவிடக் கூடாதென்று தினமும் காலையில் வெற்றுத்தாளில் ஐந்து வட்டம் போட்டு மூடி வைப்பார். ஒருநாள் நான் எழுதிய விடுமுறை விண்ணப்பத்தில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் திருத்தி எழுதிக் கொடுத்தேன்.

இந்த நிலையில்தான் அத்தான் சொந்தமாக வீடு கட்டப் புறப்பட்டார்.

அக்காவும் அவரும் பத்தொன்பது வருடமாக ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேல் மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். கீழே இரும்பு அறுத்தால் மேலே தட்டு நகரும். அக்கா தண்ணீர் டம்ளரைக் கையால் பிடித்துக்கொண்டேதான் பேசுவாள். வேறு வீட்டுக்குப் போனாலும் அந்தப் பழக்கம் விடாது. ஊராருக்கெல்லாம் கோடு போட்ட மனிதருக்குச் சாய்ந்து நிற்கச் சொந்தமாக ஒரு சுவர் இல்லை என்று அவள் பேசாத நாள் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் மனை வாங்கினார்கள். அதற்குப் பின் மேஸ்திரி கிடைக்கவில்லை.

எங்கள் ஊரில் நம்பி வேலை கொடுக்கக்கூடிய மேஸ்திரி ஒருவர்தான். அவர் ஒருவழியாக மனம் இரங்கி, அடுத்த திங்கள்கிழமை அஸ்திவாரம் தோண்டலாம் என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுமதிக் காகிதத்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஒருமுறை அனுமதியில்லாத மனையில் கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போலீஸ் நிலையத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தவர் அவர். காகிதம் வராவிட்டால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊரில் மருத்துவமனை கட்டப் போய்விடுவார்; திரும்பி வர இரண்டு வருடம் ஆகும். இன்னும் இரண்டு வருடம் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அத்தான் திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு வரைபடத்தைக் கொண்டுவந்தார். விண்ணப்பதாரர் என் அக்காவின் கணவர் என்று நான் மேலிடத்துக்கு முறைப்படி எழுதிக் கொடுத்தேன். 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. வரைபடத்தை விரித்ததும், பொட்டு எங்கே என்று மெதுவாகக் கேட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது என் வீடு மச்சான். இதுல பிழையே கிடையாது. நீயில்ல, அந்தக் கம்ப்யூட்டரோட அப்பன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

கண்டுபிடிக்க முடியவில்லைதான். ஒரு நிமிடத்தில் திரையில் எழுத்து வந்தது: 'பிழைகள்: 0. நிலை: முதல் திருப்புதலுக்காகக் காத்திருக்கிறது.' செவ்வாய்க்கிழமையும் அதே எழுத்து. புதன்கிழமை நான் கம்பெனிக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமை மத்தியானம் அந்தப் பெண்ணே நேரில் வந்து, அரை மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க குடுத்த ஆறாயிரம் பைல்ல ஒண்ணுகூடத் திரும்பிப் போகாம பாஸ் ஆகலையே சார். திரும்பிப் போறதும் ஒரு விதின்னு இது புரிஞ்சுக்கிச்சு."

பக்கத்தில் நின்ற அத்தான் இறங்கி வந்தார். சரி, ஒரு தப்போடு வேறு பிளான் கொடுத்துவிடுகிறேன் என்றார். முதல் பிளானைத் திருப்பி அனுப்பினால்தான் இரண்டாவதை வாங்கும் என்றாள் அவள். அப்படியானால் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள் என்றார். தப்பு இருந்தால்தான் திருப்பும் என்றாள். புதிதாக வேறு விண்ணப்பம்? அதே மனைக்கு ஒரு விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது இன்னொன்றை ஏற்காது. கணினிக்கு மறுபடி பாடம் நடத்த இரண்டு வாரம் பிடிக்கும். ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றாள்: பொறுப்பான அலுவலர் தம் கண்ணால் ஒரு பிழையைக் கண்டு, தாமே பதிவு செய்தால் கணினி மறுபேச்சில்லாமல் திருப்பிவிடும்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் கீழே இரும்பு அறுக்கும் சத்தத்தைவிட மேலே சத்தம் அதிகம். அவள் பேசியதில் ஒன்றை மட்டும் இங்கே எழுதினால் போதும்.

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் தப்பா வரைஞ்சு குடுத்து நாலே நாள்ல வீடு கட்ட வச்சீங்க. பொண்டாட்டிக்குன்னு வந்ததும் சரியா வரைஞ்சுட்டீங்களே."

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு நான், அக்கா, அத்தான் மூன்று பேரும் சிவப்புமையின் மேசை முன் நின்றோம். நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரு சின்னப் பிழை, எதுவானாலும் சரி, எழுதிவிட்டால் போதும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பத்தொரு வருடத்தில் இல்லாத பிழையை இருப்பதாக ஒரு தடவை கூட எழுதியதில்லை என்றும், ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருக்கையில் அதைத் தொடங்கப் போவதில்லை என்றும் சொன்னார். அக்கா முகம் போன போக்கைப் பார்த்து, ஆனால் இருக்கிற பிழையைத் தேடலாமே என்றார். சொல்லும்போதே கை ஒரு பேனாவின் மூடியைத் திறந்துவிட்டது. வரைபடத்தைத் தம் பக்கம் இழுத்த வேகத்தில், பசித்தவன் இலையை இழுப்பதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மாடிப்படியிலிருந்து தொடங்கினார். படியின் உயரம் கொஞ்சம் அதிகமோ என்றார். அத்தான் சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து வைத்து, இம்மியும் அதிகமில்லை என்று காட்டினார். சமையலறைக் காற்றோட்டம் போதுமா என்று கேட்டார். சன்னலின் நீளத்தையும் உயரத்தையும் பெருக்கி, அறையின் பரப்பில் எத்தனை பங்கு என்று வகுத்து, விதியில் கேட்பதைவிடக் கூடுதல் என்று அத்தான் நிரூபித்தார். கழிவுநீர்க் குழாயின் சரிவு? அது எந்த விதியின் எந்த உட்பிரிவில் வருகிறது என்பதை அத்தான் மனப்பாடமாகவே சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளி. மணி மூன்றரை ஆகிவிட்டது.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், "ஒரு தப்பு கண்டுபிடிச்சுத் தாங்கன்னு கும்பிடு போட்டது யாரு? அவர் ஒண்ணொண்ணாக் கண்டுபிடிக்கிறாரு, நீங்க ஒண்ணொண்ணா அழிக்கிறீங்க. எழுந்து வெளியே போங்க."

அத்தானை வராந்தாவில் பெஞ்சில் உட்கார வைத்தோம். அங்கிருந்தும் சன்னல் வழியாகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். சிவப்புமையின் பேனா எந்த அறையின் மேல் நின்றாலும் அவர் உதடு அந்த அறையின் அளவை முணுமுணுத்தது. அக்கா எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினாள்.

நாலு மணிக்குச் சிவப்புமை பேனாவைக் கீழே வைத்தார். ஆனால் அவர் தோற்றுப்போனவர் மாதிரிப் பேசவில்லை. மிகுந்த மரியாதையோடு பேசினார்.

"உங்க வீட்டுக்காரர் பொட்டு வைக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களாம்மா? வருசம் பூராவும் கழிவறைச் சன்னலை மறக்கிற மனுசன், சாயங்காலம் வீட்டுக்கு வழி கண்டுபிடிச்சுப் போக முடியுமா? அந்தப் பொட்டைப் பார்த்து வட்டம் போட எனக்கு ஒரு நிமிசம். மிச்ச நேரம் பூரா மத்ததைப் பார்ப்பேன். ஒரு தடவைகூட ஒண்ணும் இருந்ததில்ல. அதான் கையெழுத்துப் போட்டேன்."

தன் வீட்டுக்காரரை வெளியாள் ஒருவர் புகழ்ந்து அக்கா கேட்டது அதுதான் முதல் தடவை. அது நடந்த நேரம்தான் பொல்லாத நேரம். சிவப்புமை கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியாக ஒரு முறை பார்த்துவிடுகிறேன் என்றார். இந்தத் தடவை அவர் பேனாவை எடுக்கவில்லை, வலது கை ஆள்காட்டி விரலை வரைபடத்தின் ஓரத்தில் தெருவில் ஊன்றினார். உங்கள் வீட்டுக்கு நானே ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு விரலை நகர்த்தினார். கேட்டைத் திறந்தார். முன்முற்றத்தைக் கடந்தார். மூன்று படி ஏறினார். விரல் அங்கேயே நின்றது. இடப்பக்கம் போயிற்று, திரும்பி வலப்பக்கம் வந்தது. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிச் சமையலறைப் பின்புறம்வரை போய்விட்டு மறுபடி முன்படியில் வந்து நின்றது.

"அவரைக் கூப்பிடுங்க," என்றார்.

அத்தான் அளவுகோலோடு வந்தார். சிவப்புமை விரலை எடுக்காமலே கேட்டார், "உங்க வீட்டுக்கு விருந்தாளியா வந்திருக்கேன். படியில நிக்கிறேன். இப்ப எந்த வழியா உள்ளே வரட்டும்?"

அத்தான் குனிந்தார். வெளிச்சுவர் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரு கோடாக, அழகாக, சன்னல் தவிர வேறு இடைவெளியே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அறைக்கு அறை கதவு இருந்தது. சமையலறை அலமாரிக்குக்கூடக் கதவு இருந்தது. வீட்டுக்கு வாசல் இல்லை. நானும் பார்த்திருக்கிறேன், அத்தானும் பார்த்திருக்கிறார், கணினியும் நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அத்தான் பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ இடத்தில் பொட்டு வைத்திருக்கிறார். வாசலை மறந்த வரைபடம் அந்த ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை. அதனால் அப்படி ஒரு பிழை உலகத்தில் உண்டு என்பதே கணினிக்குத் தெரியாது.

அக்காதான் முதலில் பேசினாள். தெருவைப் பார்த்து வாசல் வேண்டும் என்று அவளும், பக்கவாட்டில் வைத்தால்தான் வெயில் அடிக்காது என்று அவரும் இரண்டு மாதம் மல்லுக்கு நின்றார்களாம். ஒவ்வொரு சண்டைக்கும் பென்சிலில் போட்டதை ரப்பரால் அழித்து இடம் மாற்றினாராம். கடைசிச் சண்டையின் நடுவில் கீழே பட்டறையில் மின்சாரம் தடைப்பட்டு வீடே அமைதியாகிவிட, அந்த அதிசயத்தில் இருவரும் சண்டையை மறந்து தூங்கிப் போனார்களாம். மறுநாள் அவர் தாளில் மிச்சமிருந்த பென்சில் கோடுகளின் மேல் மை போட்டுவிட்டார். அழித்த வாசல் அழிந்தபடியே நின்றது.

சிவப்புமை எழுந்து நின்று வட்டம் போட்டார். அவர் வாழ்நாளில் போட்ட வட்டங்களிலேயே அதுதான் பெரியது. பாதி வீடு அதற்குள் வந்துவிட்டது. பிறகு கணினி முன் உட்கார்ந்தார். பதிவை அவர்தான் தட்ட வேண்டும், அவருடைய கடவுச்சொல்லில். திரையில் நாற்பத்து மூன்று வகைப் பிழைகள் பட்டியலாக வந்தன. அவற்றில் வாசல் இல்லை. 'மற்றவை' என்பதைத் தொட்டுவிட்டு ஒரே விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினார். நான் தட்டுகிறேன் என்று சொன்னேன். அது முறையில்லை என்றார். 'வீட்டுக்குள் போக வழி இல்லை' என்ற நாலு வார்த்தைக்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று. முடித்துவிட்டு ஒரு முறை படித்துப் பார்த்து, முற்றுப்புள்ளி விட்டுப்போயிற்று என்று மறுபடி போய் அதையும் வைத்தார். மணி நாலு முப்பத்தெட்டு. வரைபடம் திரும்பியது.

இனி வாசலை வரைந்து, நான் ஸ்கேன் செய்து, ஐந்து மணிக்குள் ஏற்றியாக வேண்டும். அத்தான் பென்சிலைச் சீவினார். சீவிய பென்சிலைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் வைத்தால் வெயில் என்று ஆரம்பித்தார். அக்கா பென்சிலை அவர் கையிலிருந்து வாங்கி, தெருவைப் பார்த்த சுவரின் நடுவில் இரண்டு கோடு இழுத்தாள். இரண்டும் கோணல். அத்தானால் தாங்க முடியவில்லை. அளவுகோலை வைத்து அந்தக் கோணல் கோடுகளை நேராக்கி, மேலே மை போட்டு, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று வளைவும் போட்டுக் கொடுத்தார். நாலு ஐம்பத்து நாலுக்குக் கணினி வரைபடத்தை வாங்கிக்கொண்டது. 'பிழைகள்: 0. திருப்புதல்: 1. அனுமதிக்கப்பட்டது.' காகிதம் சூடாக வெளியே வந்தது. அதை மேஸ்திரியிடம் காட்ட அக்கா கிட்டத்தட்ட ஓடினாள்.

அந்த நாலு வார்த்தையைக் கணினி மறக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஒருவர் சுற்றுச்சுவர் கட்ட அனுமதி கேட்டார். உள்ளே போக வழி இல்லை என்று திருப்பியது. இன்னொருவர் மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டி வைக்கக் கேட்டார். அதற்கும் அதே பதில். அவற்றையெல்லாம் அலுவலர் கண்ணால் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று உத்தரவாகி, சிவப்புமையின் மேசையில் மறுபடி பைல்கள் குவிந்தன. பேனாக்களுக்காக வெற்றுத்தாளில் வட்டம் போடுவதை அவர் நிறுத்திவிட்டார். கம்பெனிப் பெண் பழைய பைல்களை இன்னொரு தடவை ஸ்கேன் செய்யக் கேட்டாள். எனக்கு உடம்பு சரியில்லை என்று விடுமுறை எழுதிக் கொடுத்தேன்.

அதெல்லாம் பிறகு. மேஸ்திரி சொன்ன அந்தத் திங்கள்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் மனைக்குப் போயிருந்தேன். மேஸ்திரி அனுமதிக் காகிதத்தை இரண்டு தடவை பார்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, முளை அடித்துக் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டார். ஆட்கள் கடப்பாரையோடு நின்றார்கள். அக்கா வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்திருந்தாள். அதைத் தெருப்பக்கக் கோட்டின் நடுவில், வாசல் வர வேண்டிய இடத்தில் சரியாகப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அத்தான் ஒரு கையில் பென்சிலோடு கொஞ்சம் தள்ளி நின்று, வெயிலுக்கு மறு கையை நெற்றியில் வைத்தபடி பக்கவாட்டுச் சுண்ணாம்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி பக்குவமாகச் சொன்னார், "அஸ்திவாரத்துக்கு வாசல் கிடையாதும்மா. சுத்தி முழுசாத் தோண்டணும். வாசலெல்லாம் சுவர் எழும்பும்போதுதான். கொஞ்சம் எந்திரிங்க."

"நீங்க அந்தப் பக்கமிருந்து தோண்டிக்கிட்டு வாங்கண்ணே," என்றாள் அக்கா. "இவர் கையில இருக்கிற பென்சிலை முதல்ல வாங்கி வைங்க. அப்புறம் எந்திரிக்கிறேன்."